ஒசாகா மாஸ்டரும் முட்டைக்கோஸ் அடையும்

1

போன வாரத்தோடு நான் ஜப்பானுக்கு வந்து நான்கு வருடம் முடிந்தது. அன்றைக்கு விசேஷம் என்று எதுவும் இல்லை. ஒசாகாவில் குடிவரவு அலுவலகத்தில் கையில் ஒரு நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். விசாவைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு முந்தைய நம்பர்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. என் நம்பர் மட்டும் நான் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து வந்து போய்விட்டது. மறுபடியும் ஒரு சீட்டு எடுத்தேன்.

கடைசியில் "கருப்பசாமி சான்" என்று கூப்பிட்டார்கள். கருப்பசாமி என் அப்பா. அவர் அந்நேரம் கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான மன்னவனூரில் கேரட்டுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்திருப்பார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதிய நாளிலிருந்து ஜப்பான் அரசாங்கத்துக்கு நான்தான் கருப்பசாமி. வந்த புதிதில் ஆஸ்பத்திரியில் இப்படிக் கூப்பிட்டபோது, அப்பா எப்போது வந்தார் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். என் பெயர் பாண்டி. வேலை செய்கிற கடையில் அது பாண்டா ஆகிவிட்டது. கரடியின் பெயர் என்றாலும் பிரியமாகத்தான் கூப்பிடுகிறார்கள்.

கவுண்டரில் இருந்த இளைஞர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, கடையின் பெயர் எழுதியிருக்கிறீர்கள், அங்கே என்ன வேலை என்று கேட்டார். "கியபெத்சு" என்றேன். முட்டைக்கோஸ் என்று அர்த்தம். அவர் மேற்கொண்டு ஏதாவது வரும் என்று காத்திருந்தார். முட்டைக்கோஸை என்ன செய்வீர்கள் என்றார். வெட்டுவேன் என்றேன். வேறு? கொஞ்சம் யோசித்துவிட்டு, அள்ளித் தொட்டியில் போடுவேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மணிமணியான எழுத்தில் 'சமையல் உதவி' என்று எழுதிக்கொண்டார். சிரிக்கவே இல்லை.

வெளியே வந்து ரயிலுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்ட இந்த விஷயத்தை, கூடப் படித்த இரண்டு பேரிடம் சொல்ல எனக்குக் கிட்டத்தட்ட நான்கு வருடமும் ஒரு மதியச் சாப்பாடும் தேவைப்பட்டன. கடந்த மே மாதம் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது நடந்தது அது.

2

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானுக்கு வேலை கிடைத்து வந்தவள் என் மனைவி அமுதா. நர்சிங் படித்தவள். முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கு முன்னால் வந்து, ராத்திரி பகலாக மொழி படித்து, இந்த நாட்டுப் பரீட்சையையும் பாஸ் செய்து, அதற்குப் பிறகு என்னையும் மகள் யாழினியையும் வரவழைத்தாள். சட்டப்படி நான் அவளைச் சார்ந்து இருப்பவன். என் அட்டையிலும் அதையே வேறு சொற்களில் போட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம் மட்டும் வேலை பார்க்கலாம். மீதி நேரத்தில் நான் துணி துவைக்கிறேன், சமைக்கிறேன், குப்பையை ஆறு விதமாகப் பிரிக்கிறேன்.

வேலை ஒரு ஒக்கோனோமியாக்கி கடையில். அதைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: மாவும் முட்டையும் கரைத்து, அதில் மலை மாதிரி முட்டைக்கோஸைக் கொட்டிக் கலந்து, சூடான இரும்புத் தகட்டில் கனமாக ஊற்றித் திருப்பிப் போட்டுச் சுட்டெடுக்கிற அடை. மேலே இனிப்பும் புளிப்புமாக ஒரு குழம்பு தடவுவார்கள். சுடுவது முதலாளி. வெட்டுவது நான். எங்கள் கடையில் மெஷினால் வெட்டுவதில்லை. முதலாளிக்கு அது கௌரவக் குறைச்சல். பின்கட்டில் அறுபது தாண்டிய மூன்று பெண்களோடு நின்று காலையிலிருந்து வெட்டுவேன். தண்டை எடுத்து, மெல்லிசாகச் சீவி, குறுக்கே பொடிசாக. நீளமாக விட்டால் திருப்பும்போது அடை பிய்ந்துபோகும். இந்த நான்கு வருடத்தில் இரும்புத் தகட்டுப் பக்கம் ஒரு நாள்கூட நான் போனதில்லை.

பொய் எப்படி வந்தது என்றால், வேலை கிடைத்த அன்றைக்கு தர்மராஜ் போன் செய்தான். மன்னவனூர்க்காரன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். முட்டைக்கோஸும் பூண்டும் போடுகிறான், சொந்தமாக ஒரு ஜீப் வைத்திருக்கிறான். ஓட்டல்ல வேலையாமே, மாஸ்டரா என்று கேட்டான். அப்போது ரயில் வந்துகொண்டிருந்தது, லைன் சரியில்லை, எனக்கு நேரமாகிவிட்டது. "ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. மீதியை எல்லாம் ஊர் பார்த்துக்கொண்டது. ஆறு மாதத்தில் நான் பெரிய மாஸ்டர். ஒரு வருடத்தில் எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். அமுதாவைப் பற்றிக் கேட்டால், அவளும் இங்கேதான் இருக்கிறாள் என்பேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

3

அமுதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் யாழினியும் மட்டும் வந்தோம். அவளுக்கு ஒன்பது வயது. ஜப்பானியர்களுக்கு ழகரம் வராது என்பதால் பள்ளிக்கூடத்தில் அவள் 'யாரினி'. டீச்சர் கூப்பிடும்போதெல்லாம் இனி யார் என்று கேட்கிற மாதிரியே எனக்குக் கேட்கும். வீட்டில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வாள். ஆனால் முதலில் ஜப்பானிய மொழியில் யோசித்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழுக்குக் கொண்டுவருவாள்.

இதனால் அண்ணன் வீட்டில் முதல் நாளே பெரிய குழப்பம். மதினி இட்லி வைத்தார்கள். யாழினி மூன்று சாப்பிட்டாள். நாலாவது வைக்க வந்தபோது, "நல்லாயிருக்கு" என்றாள். மதினிக்குச் சந்தோஷம், இரண்டாக வைத்தார்கள். கஷ்டப்பட்டுச் சாப்பிட்டாள். மறுபடியும் கரண்டி வந்தது. "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று கையை நீட்டி மறித்தாள். பிள்ளை ஆசையாகக் கை நீட்டுகிறது என்று இன்னும் இரண்டு விழுந்தது. ஜப்பானில் போதும் என்பதற்கு 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள் என்பது குளித்துவிட்டு வந்த எனக்கு மட்டும் தெரியும். நான் பார்த்தபோது பிள்ளை கண்ணில் தண்ணீரோடு ஏழாவது இட்லியை மென்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் எதையும் சாப்பிட மறுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் தர்மராஜ் வந்தான். பிள்ளை சாப்பிடவில்லை என்று மதினி சொன்னதைக் கேட்டுவிட்டு, அதற்கு வழி இருக்கிறது என்றான். வடகவுஞ்சி போகிற ரோட்டில் ஜப்பான்காரம்மா ஒருத்தி கடை வைத்திருக்கிறாளாம். சனி, ஞாயிறு மட்டும்தானாம். அங்கே நான் போடுகிற அதே அயிட்டம்தானாம். பெயர்கூட ஆக்கி என்று முடிகிறது, ஆக்கித் திங்கிறதுதானே எல்லாம் என்று அவனே விளக்கமும் சொன்னான்.

சீசன் நேரம், டவுனில் வண்டி நகராது என்றேன். வெள்ளனே கிளம்பிவிடலாம் என்றான். யாழினிக்குக் காரமாக இருக்கும் என்றேன். அவளோ 'ஒக்கோனோமியாக்கி' என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மேலும் காரியம் முன்னமே கைமீறிப் போயிருந்தது. கொடைக்கானல் டவுனில் ஹோம்ஸ்டே நடத்துகிற சேவியர், எங்களோடு பள்ளியில் படித்தவன், அந்தம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டானாம், ஒசாகாவிலிருந்து மாஸ்டர் வருகிறார் என்று.

4

ஜீப்பில் பின்சீட்டில் யாழினியோடு உட்கார்ந்துகொண்டேன். அவள் ஏறும்போது செருப்பைக் கழற்றி ரோட்டில் ஜோடியாக வைத்துவிட்டு ஏறினாள். தர்மராஜ் இறங்கிப் போய் எடுத்துவந்தான். பூம்பாறை தாண்டியதும் ஜப்பானிய மொழியில், மெதுவான குரலில், கடையில் அப்பாவின் வேலையைப் பற்றி நீயாக எதுவும் சொல்லாதே என்றேன். ஏன் என்றாள். பெரியவர்கள் விஷயம் என்றேன். நானாகச் சொல்ல மாட்டேன் என்று சுண்டுவிரலைக் கோர்த்துச் சத்தியம் செய்தாள். ஜப்பானில் பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள்.

டவுனில் சேவியர் ஏறிக்கொண்டான். சட்டையை இன் பண்ணி, செண்ட் அடித்து வந்திருந்தான். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மாஸ்டர், டுடே யூ ஆர் அவர் சீஃப் கெஸ்ட்" என்றான். கொடைக்கானலில் டூரிஸ்டுகளோடு பழகியவர்களுக்குப் பாதி இங்கிலீஷ் தானாக வரும். நாங்கள் பில்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அந்தம்மா மாஸ்டரிடம் காசு வாங்குவாளா என்று வேறு சொன்னான். பெருமாள்மலை இறக்கத்தில் எனக்கு நிஜமாகவே குமட்டியது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். ஜப்பான்காரனுக்கு நம்ம வளைவு ஒத்துக்கவில்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

கடை என்பது ஒரு ஓட்டு வீட்டின் முன்பகுதி. நான்கு மேசை. நடுவில் கல்லடுப்புக் கட்டி, கல்யாண வீட்டில் தோசை ஊற்றுகிற பெரிய இரும்புக் கல்லைப் பதித்திருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஏற்கனவே உட்கார்ந்திருந்தது. உள்ளேயிருந்து பூப்போட்ட நைட்டிக்கு மேல் ஸ்வெட்டரும், தலையில் கட்டிய துண்டுமாக ஒரு ஜப்பானியப் பெண்மணி வந்தார். அறுபது வயது இருக்கும். பெரிய மீசையோடு முன்னால் போன தர்மராஜைப் பார்த்து முகம் மலர்ந்து, "ஏலே, வாலே. வெரசா உக்காரு. சோறு கெடையாது, பாத்துக்க" என்றார்.

தர்மராஜ் வாயைத் திறந்தபடி உட்கார்ந்தான்.

சேவியர் எனக்குக் காதில் விளக்கினான். அவர் பெயர் ஹருகா. ஊர்க்காரர்கள் வாயில் அது அருக்கா ஆகி, மரியாதை சேர்த்து அருக்காக்கா ஆகிவிட்டது. ஒரு மாதம் ஓய்வெடுக்க வந்தவர், பன்னிரண்டு வருடமாக இங்கேயே இருக்கிறார். தமிழ் கற்றுக்கொண்டது காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களிடம். விசாரணைக்கு வருகிற போலீஸ்காரரையும் ஏலே என்றுதான் கூப்பிடுவாராம். பிரியமானவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், அதனால் அதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டாராம். இதுவரை யாருக்கும் திருத்த மனசு வரவில்லை.

என்னைப் பார்த்ததும் அருக்காக்கா மாறிப்போனார். துண்டை அவிழ்த்தார், கையைத் துடைத்தார், இடுப்பு வளைய வணங்கினார். அடுக்கடுக்கான மரியாதைச் சொற்களோடு, தொலைதூரத்திலிருந்து மாஸ்டர் இந்த எளிய இடத்துக்கு வந்ததற்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை என்று ஜப்பானிய மொழியில் சொன்னார்.

நானும் வணங்கிப் பதில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உதடு துடித்தது. யாழினி மேசைக்கு அடியில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

நான் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டது பின்கட்டில், அந்த மூன்று பெண்களிடம். அவர்கள் பேசுகிற மாதிரியே நான் பேசுகிறேன். ஒசாகாவில் வயதான பெண்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிற சொல்லைத்தான் 'நான்' என்பதற்கு நானும் சொல்கிறேன் என்பது அன்றைக்குவரை எனக்குத் தெரியாது. அருக்காக்காவின் காதில் விழுந்தது, தமிழில் சொன்னால், ஏறக்குறைய இப்படி: "அடியாத்தி, எனக்குப் போயி இவ்வளவு எதுக்குடியம்மா."

5

அவர் முதல் அடையை ஊற்றினார். முட்டைக்கோஸ் மன்னவனூருடையது, பார்த்ததும் தெரிந்தது. மாவைக் குழகுழவென்று ஆக்க ஒசாகாவில் ஒரு கிழங்கைத் துருவிச் சேர்ப்பார்கள். அதற்குப் பதிலாகக் கீழ்மலையிலிருந்து வருகிற வள்ளிக்கிழங்கைச் சேர்ப்பதாகச் சொன்னார். குழம்பு பேரீச்சம்பழமும் புளியும் போட்டுக் காய்ச்சியது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது இரண்டு தோசைக்கரண்டிகளையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினார். மாஸ்டர் திருப்ப வேண்டும்.

சேவியர் எழுந்து நின்று கைதட்டினான். கோயம்புத்தூர்க் குடும்பம் செல்போனைத் தூக்கியது.

நான் கரண்டிகளை வணக்கத்தோடு அவரிடமே திருப்பித் தள்ளினேன். அவர் இன்னும் பணிவாக என்னிடம் தள்ளினார். நான் தள்ளினேன். இது அவங்க முறை போல என்று தர்மராஜ் சேவியரிடம் சொல்வது கேட்டது. நான்காவது தடவை தள்ளும்போது அருக்காக்கா கல்லுக்கு மேலாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, கடகடவென்று பேசினார். மாஸ்டர், தயவுசெய்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். நான் ஒசாகாக்காரி இல்லை, வடக்கே பனிப் பிரதேசத்துக்காரி. அங்கே பென்சில், நோட்டு விற்கிற கடை வைத்திருந்தேன். இங்கே வந்த பிறகு, ஜப்பான்காரி ஏதாவது ஆக்கிப் போடு என்று எல்லாரும் கேட்டதால் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். பத்துக்கு நாலு பிய்ந்துவிடும். ஒசாகா மாஸ்டர் முன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நானும் குனிந்தேன். அக்கா, நான் மாஸ்டரே இல்லை, முட்டைக்கோஸ் வெட்டுகிறவன், இந்தக் கரண்டியைப் பிடித்ததே இல்லை என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றோம். அடை புகைய ஆரம்பித்தது.

தர்மராஜ் யாழினி பக்கம் திரும்பினான். என்ன பாப்பா பேசிக்கிறாங்க என்று கேட்டான்.

யாழினி என்னைப் பார்த்தாள். அவள் சத்தியத்தை மீறவில்லை. தானாகச் சொல்ல மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். இப்போது பெரியவர் ஒருவர் கேட்கிறார். எழுந்து நின்று, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா மாஸ்டர் இல்லை. முட்டைக்கோஸ் வெட்டும் ஆள். இந்த அக்காவும் மாஸ்டர் இல்லை. பென்சில் விற்ற ஆள். இரண்டு பேருக்கும் பயமா இருக்கு."

யாழினி எட்டிக் கல்லைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"கருகுது. எனக்குச் செய்யத் தெரியும். தள்ளுங்க."

பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். கரண்டி இரண்டையும் என் கையிலிருந்து வாங்கினாள். கருகிப்போன அடையைச் சுரண்டி ஓரமாகத் தள்ளி, கல்லைத் துடைத்து, எண்ணெய் விட்டு, புதிதாக ஊற்றி, விளிம்பைத் தட்டித் தட்டி வட்டமாக்கினாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோழி வீட்டுக்குப் போகிறாளே, அங்கே ஒவ்வொரு வாரமும் இதுதானாம், திருப்புவது எப்போதும் அவள்தானாம். அங்கே வீட்டுப்பாடம் செய்கிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டைக்கோஸ் வாடையே ஆகாது என்று எங்கள் வீட்டில் நான் இதைச் செய்ய விட்டதில்லை.

இரண்டு கரண்டியையும் அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்து, ஒரே சுண்டு. அடை முழுசாக எழும்பித் திரும்பி, பொத்தென்று நடுக்கல்லில் விழுந்தது. பொன்னிறம். கோயம்புத்தூர்க் குடும்பம் கத்தியது. அருக்காக்கா, "ஏலே, சூப்பருலே" என்று அவளைக் கட்டிக்கொண்டார்.

யாழினி அதற்கெல்லாம் நிற்கவில்லை. பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, வெட்டியது தீர்ந்துவிட்டது, அப்பா, கியபெத்சு என்றாள். நான் உள்ளே போய்க் கத்தியை எடுத்தேன். அந்தக் கத்தி என் கைக்குப் புதுசு, இருந்தாலும் முட்டைக்கோஸ் பழையதுதான். தலையைத் தூக்காமல் நான்கு காய் வெட்டினேன். சேவியர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தான். கத்தி கண்ணுக்கே தெரியலையேடா என்று ஆச்சரியப்பட்டான். பிறகு, வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம் வெட்டிவிட்டு மனைவி சம்பளத்தில் இருக்கிற அந்த விசா தனக்கும் கிடைக்குமா என்று விசாரித்தான். யாழினி அவனிடம் அதையும் சொல்லியிருக்கிறாள். அவன் கேட்டிருக்கிறான்.

தர்மராஜ் எங்கே என்று கேட்டேன். வெளியே போய்விட்டான் என்றான் சேவியர்.

6

தர்மராஜ் ஜீப்பில் சாய்ந்து, பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றான். நான் ஒரு தட்டில் சூடாக ஓர் அடையை வைத்து எடுத்துக்கொண்டு போனேன். தட்டை அவன் பக்கத்தில் ஜீப்பின் பானெட்டில் வைத்தேன். அவன் பார்க்கவில்லை. லைன் சரியில்லாத கதையை ஆரம்பித்தேன். ரயில் வந்ததையும் சொன்னேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது.

அவன் என் பக்கம் திரும்பாமலே பேசினான். சத்தம் போடவில்லை.

"கோசு வெட்டுறேன்னு சொல்ல ஒனக்கு வெக்கமாப் போச்சு. அந்தக் கோச நட்டு, தண்ணி பாச்சி, பன்னி வராமக் காவக் காத்துக் கெடக்கேனே, அப்ப நான் என்னன்னுலே சொல்லிக்கிட்டுத் திரியிறது?"

இந்த நான்கு வருடத்தில் நான் யோசிக்காத ஒரே விஷயம் அதுதான். மாஸ்டர் என்று சொன்னால் எனக்கு மதிப்பு ஏறும் என்று பார்த்தேன். அதே சொல்லால் அவனுக்கு இறங்கும் என்று பார்க்கவில்லை. மன்னிச்சுக்கலே என்றேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்து நின்றோம்.

அந்த நேரத்தில் மரத்திலிருந்து ஒரு குரங்கு பானெட்டில் குதித்தது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. தட்டை அப்படியே விட்டுவிட்டு, அடையை மட்டும் இரண்டாக மடித்து எடுத்துக்கொண்டு ஜீப் கூரைமேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு கடி கடித்துவிட்டு, சூடு தாங்காமல் கையை மாற்றி மாற்றி ஊதியது. பிறகு குழம்பை நக்கிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டது.

தர்மராஜ்தான் முதலில் சிரித்தான். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை, மீசை ஆடியது. நானும் சிரித்தேன். வயிறு வலிக்க, ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மூன்று பேரில் குரங்குக்குத்தான் இது முதலில் கிடைத்திருக்கிறது என்றான்.

அந்தச் சூட்டோடு மீதியையும் சொல்லிவிடலாம் என்று, அமுதாவின் சம்பளத்தைப் பற்றியும் என் அட்டையைப் பற்றியும் ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். அது அவனுக்கு இரண்டு வருடமாகத் தெரியுமாம். திண்டுக்கல்லில் அமுதாவின் தம்பியைப் பார்த்தபோது அவன் சொல்லியிருக்கிறான். யாரிடமும் தர்மராஜ் அதைச் சொல்லவில்லை.

"நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்" என்றான்.

உள்ளே போனோம். அவன் மூன்று சாப்பிட்டான். முட்டைக்கோஸைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, பொடிசாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

7

கூட்டம் போன பிறகு அருக்காக்காவும் நானும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எல்லாம் அலுவலகக் கதைதான். அவர் தன் வெளிநாட்டவர் பதிவைப் புதுப்பிக்கப் போகிறபோதெல்லாம் போட்டோவின் அளவு மாறிவிடுகிறதாம். என் போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். அவருக்கும் அதே காது பிரச்சினை வந்திருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன்னால் இறந்துபோன அப்பாவின் பெயரை எல்லாப் பாரத்திலும் எழுதச் சொல்கிறார்கள், அதனால் இந்தியாவுக்கு வந்த பிறகுதான் அப்பாவை அடிக்கடி நினைக்கிறேன் என்றார்.

என் பேச்சை நான் மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம், வெகுநாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வயிறு குலுங்கச் சிரித்தேன் என்றார். அவருடைய ஏலேயைப் பற்றி நான் சொல்லவேண்டியதுதான். சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்போது அவர் தர்மராஜைப் பார்த்து, அடுத்த வாரமும் வாலே என்றார். சரிக்கா என்று அவன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் முன்னால்கூட அவன் கையைக் கட்டி நான் பார்த்ததில்லை.

8

ஒசாகாவுக்குத் திரும்பிய அன்றைக்கே யாழினி அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். குரங்கு ஊதியதை நடித்தே காட்டினாள். அமுதா நன்றாகச் சிரித்தாள். ஆனால் பிள்ளை தூங்கப்போன பிறகு, பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, என்னைய என்னன்னு சொல்லி வச்சிருந்தீங்க என்று கேட்டாள். நான் துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தேன். சும்மா, நீயும் இங்கதான் இருக்கன்னு சொன்னேன் என்றேன். அவள் படுக்கப் போய்விட்டாள். இரண்டு நாள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

மூன்றாம் நாள் தர்மராஜ் போன் செய்தான். மன்னவனூரில் விஷயம் பரவிவிட்டது, ஆனால் சரியாகப் பரவவில்லை என்றான். யாழினிதான் ஜப்பானில் ஓட்டல் நடத்துகிறாள், ஒன்பது வயதில் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறாள் என்று பஸ் ஸ்டாப்பில் பேச்சாம். அவனுடைய பெரியம்மா, பேரனுக்கு அந்தப் பிள்ளையிடம் ஒரு வேலை கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறாராம். அவன் எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பவில்லை. இப்ப பாண்டியப் பத்திக் கேட்டா நான் என்னதான் சொல்லட்டும் என்று கேட்டான்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அமுதா வேலைக்குக் கிளம்பி, வாசலில் ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலில் ஷூவோடு நொண்டிக்கொண்டே வந்து, போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அண்ணே, நான் அமுதா பேசுறேன். யாரும் கேட்டா அமுதா வீட்டுக்காரருன்னு சொல்லுங்க. அது போதும்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்ற ஷூவையும் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கதவைச் சாத்தும்போது சிரித்த மாதிரி இருந்தது.

மன்னவனூரில் இப்போது அப்படித்தான் சொல்கிறார்களாம்.